பதினெட்டு கிலோமீட்டர்ல ஒரு புள்ளி

மணி ரெண்டு அம்பது. நாலு மணிக்குள்ள கேம் லீக் பக்கத்துல இருக்கற ரெண்டு பட்டன்ல ஒண்ண அமுக்கியாகணும், 'புகாரை உறுதி செய்கிறேன்' இல்லாட்டி 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்', ரெண்டும் ஒரே சைசு, ஒண்ணு பச்ச, ஒண்ணு சாம்பல். எதையும் அமுக்காம கையக் கட்டிட்டு உக்காந்திருந்தா நாலு மணிக்கு அதுவாவே உறுதி ஆயிரும்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான், அத மூணு தடவ படிச்சுட்டேன், சும்மா இருக்கறதும் அமுக்கறதும் ஒண்ணுன்னு எவன் உக்காந்து யோசிச்சானோ. உறுதி ஆனா எதிர் டீம்ல ஆடற தூத்துக்குடி ரீகனுக்கு ரெண்டு வருசம் தடை, ஏமாத்திட்டான்னு பேரு போட்டு விமானச் சண்ட கேம் ஆடற எல்லா குரூப்புலயும் ஒட்டீருவாங்க. அந்தாளு ஏமாத்தல. நேத்து சாயங்காலம் ஆறரை மணில இருந்து அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியும், புகார் குடுத்ததே நான்தான். திரும்பப் பெறணும்னா 'காரணம்'னு ஒரு பெட்டி இருக்குது, அத நிரப்பாம பட்டன் வேல செய்யாது. காரணத்த எழுதினா லீக்ல நான் யாருமே இல்லைன்னு ஆயிரும். அதான் எடை சாஃப்ட்வேருக்குப் பின்னாடி நோட்பேடத் தொறந்து வெச்சு, லாரிக்கும் லாரிக்கும் நடுவுல இத அடிச்சிட்டிருக்கேன், அடிச்சா தெளியும்னு ஒரு நம்பிக்க, இதுவரைக்கும் தெளியல. இரு, வண்டி வருது.

சுண்ணாம்புக்கல்லு லோடு. சங்ககிரில எடை மேடைல உக்காந்தா நாள் பூரா கல்லுதான், கீபோர்டுல கூட கல்லு மாவு, எண்டர் தட்டினா நறநறங்குது. முன் சக்கரம் மேடைல ஏறறப்பவே என் கேபின் தரை ஒரு நடுக்கம் நடுங்கும், அப்பறம் செவப்பு நம்பர் மேலயும் கீழயும் ஆடும், அது ஆடி நிக்கற வரைக்கும் பொறுத்துத்தான் எண்டர் தட்டணும். நான் அவசரக்காரி, ஆனா இங்க ஆறு வருசத்துல ஒரு தடவ கூட அவசரப்பட்டதில்ல, அவசரமெல்லாம் வானத்துலதான். வேல நேரத்துல கேமப் பத்தி நெனைக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன், ஆனா ஜன்னல்ல லாரி தெரிஞ்சா மனசுக்குள்ள தானா வருது, ரெண்டு மணி, ஒரு வண்டி, கீழ. நாங்க திசைய கடிகாரத்துலதான் சொல்லுவோம், மூஞ்சிக்கு நேர பன்னண்டு, வலது கை மூணு, முதுகு ஆறு. ஆறு மணின்னா சாவு. இந்த கேம்ல சாகறவங்க முக்காவாசிப் பேரு தன்னக் கொன்ன விமானத்தப் பாத்ததே இல்ல. எல்லாம் அந்தக் காலத்து விமானம், ரேடார் கெடையாது, எதிரி தலைக்கு மேல பேரு காட்டற லேபிளையும் லீக்ல அணச்சு வெச்சிருவாங்க, கண்ணு மட்டுந்தான். நல்லா சுடறவன் ஜெயிக்கறதில்ல, மொதல்ல பாக்கறவன் ஜெயிக்கறான். எத்தன பேரு, எங்க, எவ்வளவு உயரத்துல, எவன் மூக்கு எந்தப் பக்கம், எவனக் கடைசியாப் பாத்து எத்தன செகண்டாச்சு, இதெல்லாம் தலைக்குள்ள ஒரு படமா ஓடிட்டே இருக்கணும். படத்துல ஒருத்தன் தொலஞ்சா போதும், முதுகு குறுகுறுங்கும். எனக்கு இன்னிக்கிக் காலைல இருந்து குறுகுறுங்குது. கேபின்ல முதுகுப் பக்கம் செவுரு. செவுரப் போயி நாலு தடவ திரும்பிப் பாத்துட்டேன்.

என்னைய ரேடாருன்னு கூப்புடுவாங்க. எங்க கேப்டன் அறவாழியண்ணன் வெச்ச பேரு, திருச்சில பாலிடெக்னிக்ல லேப் பாத்துக்கறாரு, மைக்ல பேசுனா க்ளாஸ் எடுக்கற மாதிரியே இருக்கும். 'நம்ம விமானத்துல ரேடார் இல்லைப்பா, ஆனா நம்ம டீம்ல இருக்கு, பேரு ஜீவிதா.' அன்னிக்கி ராத்திரிச் சோறு எறங்கல எனக்கு, சந்தோசத்துல. எடை மேடப் புள்ளன்னு கூப்புடுவாங்க, கண்ணுன்னு கூப்புடுவாங்க, வண்டி நம்பர் எழுதற பாப்பான்னு ஒரு க்ளீனர் சொன்னான், இப்படி ஒரு பேரு யாரும் சொன்னதில்ல. பன்னண்டு கிலோமீட்டர், பதினஞ்சு, ஒரு தடவ பதினேழு. மத்தவங்களுக்கு வெறும் நீல வானமா இருக்கறப்ப எனக்கு மட்டும் ஒரு கருப்புப் புள்ளி, எறும்பு மாதிரி, அசையும். 'பதினோரு மணி, மேல, ரெண்டு பேரு'ன்னு நான் சொல்லறப்ப மைக்ல மத்த ஏழு பேரும் கப்சிப்னு ஆயிருவாங்க பாருங்க, அந்த அமைதி, அதுக்காகவே வாரம் பூரா கல்லு மாவத் தின்னுட்டு இருக்கலாம். வேதமூர்த்திதான் எப்பவும் கெடந்து தவிப்பான். ஆவடிக்காரன், என்கூட ஜோடியாப் பறக்கறவன், என் முதுகப் பாத்துக்கறது அவன் வேல. 'எங்க, எங்க, எனக்கு ஒண்ணுமே தெர்லயே ஜீவி.' 'மூஞ்சிக்கு நேரா நிக்குதுடா, கண்ணு என்ன பொடனிலயா இருக்குது உனக்கு?' எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஒருக்கா சொன்னதோட விட்டனா, ஒவ்வொரு வாரமும் சொன்னேன், சிரிப்பு வருதுல்ல, அதுக்காகச் சொன்னேன். மேல இருந்து எவனாச்சும் வந்து வேதாவச் சுட்டுட்டுப் போவான், இவன் 'யாருடா அது'ம்பான், நான் 'உங்க மாமா'ம்பேன். அப்பறம் ஒரு நா குரூப்புல ஒரு போட்டோ போட்டான், கண்ணாடி போட்டுட்டு. கண் டாக்டர்கிட்ட போனானாம், ஒரு கொறையும் இல்ல, ஆறுக்கு ஆறுன்னு சொல்லி அனுப்பிட்டாராம், 'இருந்தாலும் இருக்கட்டும்னு பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கினேன், ஜீவிகிட்ட திட்டு கொறையுமான்னு பாப்போம்.' அதுக்கும் நான் சிரிக்கற பொம்மதான் போட்டேன். போன வாரம் ஃபைனலுக்கு எட்டுப் பேரு எழுதறப்ப, 'என்னைய எடுக்க வேணாம்ணா, எனக்குக் கண்ணு பத்தல, என்னால ஜீவி சாவக் கூடாது'ன்னு அவனே சொல்லி ஒதுங்கிட்டான். அந்த மெசேஜ நான் படிச்சேன். நல்ல முடிவுன்னு நெனச்சேன். மணி மூணு நாலு.

ரீகன் கதைக்கு வரேன், சுத்திச் சுத்தி அங்க போகாமத்தான் இருக்கேன். அரையிறுதி. நான் நல்ல உயரத்துல, சூரியன முதுகுக்கு வெச்சு, அதாவது என்னப் பாக்கணும்னா கண்ணு கூசணும், எல்லாம் புத்தகத்துல போட்ட மாதிரி. தூத்துக்குடி டீம்ல ஒரு விமானம் தூரத்துல, புள்ளி, என்னப் பாக்காத புள்ளி. திடீர்னு மூக்கத் திருப்புச்சு. நேரா என்னையப் பாத்து. இதுக்கு முந்தி என்னைய யாரும் மொதல்ல பாத்ததே இல்ல, ஒரு தடவ கூட, அந்த நேரத்துல குளுருச்சு பாருங்க, குளிச்சிட்டிருக்கறப்ப கதவத் தொறந்த மாதிரி. அப்பறம் பன்னண்டு நிமிசம் ஓடி, கீழ எறங்கி, மலைக்குப் பின்னாடி போயி, எல்லாம் பண்ணியும் சுட்டுட்டான், மேட்ச்ச மத்தவங்கதான் ஜெயிச்சுக் குடுத்தாங்க. ரெக்கார்டிங்க போட்டு அளந்து பாத்தேன். மூக்கத் திருப்பறப்ப நடுவுல பதினெட்டு கிலோமீட்டர். அந்த நிமிசமே புகார் அடிச்சேன், 'லேபிள் இல்லாமல் இந்தத் தூரத்தில் யாராலும் பார்க்க முடியாது, இவர் ஏதோ மென்பொருள் வைத்திருக்கிறார்'. யாராலும்னு எழுதறப்ப என்னைய நான் சேக்கல, அது தோணவே இல்ல, அதத்தான் நேத்துல இருந்து நெனச்சு நெனச்சு மாஞ்சு போறேன். விசாரணை வெச்சாங்க, மைக்ல. அந்தாளு கூச்சல் போடல. 'நான் ஐஸ் பேக்டரில வேல பாக்கேன், வந்து குளிச்சிட்டு கேம்ல உக்காருவேன், எனக்கு சாஃப்ட்வேர் எங்கன கெடைக்கும். தெரிஞ்சுது, போனேன். அந்த மேடம் பதினேழுல பாக்காவல்லா, அவுகளக் கும்புடுதீய. நான் பதினெட்டுல பாக்கப்டாதோ?' அறவாழியண்ணன் பட்டுனு, 'அது ரேடாரு. நீங்க யாரு?' மைக்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தாளு மைக்க அணச்ச சத்தம் கேட்டுச்சு.

வண்டி போயிருச்சு. காலி வண்டி ஒண்ணு நிக்குது, டிரைவர் டீக்குப் போயிட்டாரு. நேத்து. நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போனா ஒரு பெரிய அட்டப்பெட்டி, கூரியர். டீம்ல எல்லாரும் சேந்து எனக்கு மானிட்டர் வாங்கி அனுப்பிட்டாங்க, ஃபைனலுக்கு. ஏற்பாடு பண்ணுனது வேதா. உள்ள ஒரு சீட்டு, அவன் கையெழுத்து, 'அந்தப் பழைய டப்பால பாத்தே இப்படின்னா, இதுல பாத்தா நீ நாளைக்கு வர்றவன இன்னிக்கே பாத்துருவ.' பழைய டப்பான்னா, இந்த எடை மேடைல முன்ன இருந்த மானிட்டர், சதுரமா ஒண்ணு, மொதலாளி புதுசு மாத்துனப்ப தூக்கிப் போடறேன்னாரு, நான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன், அஞ்சு வருசமா எனக்கு அதான். புதுச மாட்டுனேன். அம்மா கூட வந்து பாத்துட்டு 'ஏன் புள்ள, சினிமாக் கொட்டாயாட்ட இருக்குது'ன்னுச்சு. நிசமாவே. மேகத்துல ஒவ்வொரு இழையும் தெரியுது, எறக்கைல ஆணி தெரியுது. பிராக்டிஸ் சர்வர்ல ஏறுனேன். வானத்துல ஒருத்தரும் இல்ல. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், யாருமே இல்ல, சரி இன்னிக்கி யாரும் வரல போலன்னு இருக்கறப்பவே செத்துட்டேன். ஆறு மணி. எவன்னே தெரியல. மறுபடி ஏறுனேன், மறுபடி. நாலாவது தடவ ஆட்கள் பட்டியலத் தொறந்து பாத்தா பதினாறு பேரு பறந்துட்டிருக்காங்க. எனக்கு வெறும் நீலம். கண்ணத் தொடச்சேன், மூஞ்சி கழுவுனேன், வேதா சொல்லுவான்ல, எங்க எங்கன்னு, அது என் வாயிலயே வந்துச்சு. அப்பறம் சும்மா, என்னமோ தோணி, செட்டிங்குல போயி பழைய டப்பாவோட அளவு வெச்சேன், குறுக்க ஆயிரத்து இருபத்துநாலு புள்ளி. படம் கொழகொழன்னு ஆச்சு, அழகெல்லாம் போச்சு. வானத்துல பதினாறு எறும்பு.

இதுல பெரிய விசயம் ஒண்ணுமில்ல, கணக்கு நோட்டுத்தான். தூரத்து விமானத்த கேம் ஒரு புள்ளியாத்தான் வரையும், ஒரே ஒரு கட்டத்தக் கருப்படிக்கற மாதிரி. கட்டம் பெருசா இருக்கற நோட்டுல ஒரு கட்டத்தக் கருப்படிச்சா ரோட்டுல இருந்தே தெரியும். கிராப் ஷீட்டுல ஒரு கட்டத்தக் கருப்படிச்சா தேடணும். என் டப்பால கட்டம் பெருசு. வேதா ஐடி கம்பெனி, அவன் வெச்சிருக்கறது ஊர்லயே நல்ல ஸ்கிரீன், கட்டம் பொடிசு, அவ்வளவுதான். அஞ்சு வருசம். நான் ரேடாரு இல்ல, என் மானிட்டர் மட்டம். இத அடிக்கறப்பவே காது சூடாகுது. இல்ல, எனக்கு நெசமாவே கண்ணு நல்ல கண்ணுதான், எட்டாவதுல கண் முகாம் போட்டாங்க பள்ளிக்கூடத்துல, கடைசி வரி வரைக்கும் படிச்சது க்ளாஸ்லயே நான் மட்டுந்தான், அந்த டாக்டரம்மா 'கழுகாட்டம் இருக்கியே'ன்னு கன்னத்தத் தட்டுனாங்க. அது இருக்குதுல்ல. அது பொய்யில்லையே. ஆனா வரிசைல எனக்கு முன்னாடி நின்னது சுபலட்சுமி, அவ சத்தமாப் படிச்சா, கடைசி வரில தப்புத் தப்பாச் சொன்னா, டாக்டரம்மா ஒவ்வொண்ணாத் திருத்துனாங்க, நான் பின்னாடி நின்னு கேட்டுட்டிருந்தேன். அப்ப நான் பாத்துச் சொன்னனா, கேட்டுச் சொன்னனா. ஞாபகமில்ல. இத்தன வருசம் பாத்துச் சொன்னதாத்தான் ஞாபகம், இப்பப் பாத்து சுபலட்சுமி குரல் எங்கிருந்தோ வருது. வேண்டாம், இதத் தோண்டக் கூடாது. மணி மூணு பத்தொம்பது.

ஒரு வழி இருக்குது. அந்தாளு ஸ்கிரீன நான் பாத்ததில்லையே. ரீகன் நெசமாவே ஏமாத்தியிருந்தா. என் விசயம் வேற, அந்தாளு விசயம் வேறயா இருந்தா. அந்தாளு கட்டம் பொடிசா இருக்கற நல்ல ஸ்கிரீன் வெச்சிருந்து பதினெட்டுல பாத்திருந்தா அது ஏமாத்துத்தான், பச்சைய அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிருவேன். சாமி, நல்ல ஸ்கிரீனா இருக்கட்டும். ஒரு மனுசன் திருடனா இருக்கணும்னு வேண்டற அளவுக்கு வந்துட்டேன். மெசேஜ் போட்டேன், 'நான் ஜீவிதா. உங்க ஸ்கிரீன் என்ன சைசுங்க?' அந்தாளு படிச்சது தெரியுது. டைப் பண்றாரு. நிக்குது. டைப் பண்றாரு. 'என்ன மேடம், செத்தவன எந்திரிக்கச் சொல்லி மறுபடி சுடுதீங்களா.' நான், 'இல்லைங்க, நெசமாக் கேக்கறேன்.' 'எதுக்கு கேக்கீங்க. அதையும் புகார்ல சேக்கவா.' 'ரீகன், நேரமில்லைங்க, தயவு பண்ணிச் சொல்லுங்க.' வெளிய காலி வண்டி ஹாரன் அடிச்சுது, டீ குடிச்சிட்டு வந்துட்டாரு, எடையப் போட்டு சீட்டக் குடுத்தேன், 'என்ன கண்ணு, எவனோடயாச்சும் சண்டையா, மூஞ்சி இப்படி இருக்குது'ன்னு கேட்டுட்டுப் போனாரு. திரும்பி வந்தா போட்டோ. ஒரு டிவி. பழைய டிவி, ஓரத்துல செல்லோடேப்பு, ஸ்டாண்டு இல்லாம செவுத்துல சாச்சு வெச்சிருக்குது. 'அக்கா வீட்ல புதுசு வாங்கிட்டு இதத் தந்தாவ. அளவெல்லாம் தெரியாது. செட்டிங்குல ஆயிரத்து இருநூத்தி எம்பதுன்னு கெடக்கு. போதுமா மேடம்.'

போதும், இதுவும் என் டப்பா மாதிரி பெரிய கட்டந்தான். சொல்லிட்டேன் அந்தாளுகிட்ட. எல்லாத்தையும், கட்டம் போட்ட நோட்டு, என் டப்பா, புது மானிட்டர், பதினாறு எறும்பு. உங்க மேல தப்பில்லைங்க, திரும்ப வாங்கிர்றேன், மன்னிச்சுருங்கன்னு. சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன். போன் அடிச்சுது. எடுத்தா அந்தாளு, மைக்ல கேட்டதவிட சின்னக் குரலு. 'அப்போ எனக்குக் கண்ணு கெடையாதுங்கீங்க.' நான், 'இல்லைங்க, ஸ்கிரீன்…' 'மேடம், நான் பத்து வயசுல இருந்து எங்கப்பா வள்ளத்துல போனவன். கரை வாரதுக்கு முன்ன கோயில் கோபுரம் மொதல்ல எனக்குத்தான் தெரியும். வள்ளத்துல பெரிய ஆளுக எல்லாம் என் மூஞ்சியத்தான் பாப்பாவ. டிவியா அதக் காட்டுச்சு?' 'அது வேறயா இருக்கலாமுங்க. நீங்க வேற ஸ்கிரீன்ல ஒருக்கா ஆடிப் பாருங்க, தெரிஞ்சுரும்.' 'பாக்க மாட்டேன்'னாரு, உடனே. 'அத நான் எதுக்குப் பாக்கணும்.' ஐஸ் பேக்டரி பக்கமா இருக்கும் போல, எங்கயோ ஒரு மெசின் ஓடிட்டே இருந்துச்சு. அப்பறம், 'மேடம், ஒரு காரியம் செய்யுங்க. தப்பா நெனச்சிட்டேன்னு மட்டும் எழுதிருங்க. டிவி கதைய எழுதாண்டாம். என் பேரும் போவாது, உங்க பேரும் போவாது. உங்களுக்கும் கண்ணு இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும்.'

எட்டு நிமிசம் நான் உலகத்துலயே சந்தோசமான ஆளு. மூணு முப்பத்திமூணுல இருந்து மூணு நாப்பத்தொண்ணு வரைக்கும். எப்படி இது எனக்குத் தோணல, தப்பா நெனச்சிட்டேன், நாலு வார்த்தகூட இல்ல, பொய்யும் இல்ல, தப்பாத்தான நெனச்சேன். ரீகன் தப்பிச்சாரு, அவரே கேட்டுக்கிட்டாரு, நான் புது மானிட்டர்ல பழைய அளவ வெச்சு ஞாயித்துக்கிழமை ஃபைனல் ஆடீருவேன், ரேடாரு ரேடாராவே இருக்கும். பெட்டில அடிக்கவே ஆரம்பிச்சுட்டேன், 'தவறாக நினைத்துவிட்டேன்'. அடிச்சிட்டு சாம்பல் பட்டன் மேல அம்புக்குறியக் கொண்டு போயி நிறுத்தறேன், தலைக்குள்ள இருக்கற படத்துல ஒருத்தனக் காணம். யாருன்னு தேடறேன். அறவாழியண்ணன் இருக்காரு, ரீகன் இருக்காரு, நான் இருக்கேன். கண்ணாடி. பவர் இல்லாத கண்ணாடி போட்டுட்டு ஒருத்தன் ஆவடில உக்காந்திருக்கான், தனக்குக் கண்ணு பத்தலன்னு. எல்லார்கிட்டயும் காசு சேத்து எனக்கு ஸ்கிரீன் அனுப்புனவன். சரி, அவன்கிட்டத் தனியா சொல்லிக்கலாம், ஞாயித்துக்கிழமைக்கு அப்பறம். எப்படிச் சொல்லறது. டேய் வேதா, உன் கண்ணு நல்லாத்தான்டா இருக்குது, நான் ஜெயிச்சு முடிச்சுட்டேன், இப்பக் கழட்டிக்க. அவன் சிரிப்பான். அவன் எதுக்கும் சிரிப்பான், அதான் பயமா இருக்குது.

அப்பப் பாத்து மூணு அம்பதுக்கு ஒரு நீளமான டாரஸ் லாரி. ஏறுச்சு, தரை நடுங்குச்சு, நம்பர் ஆடுச்சு, நின்னுச்சு, எண்டர் தட்டுனேன், சீட்டு வந்துச்சு. டிரைவர் ஜன்னல்ல கைய விட்டு வாங்கி, படிச்சு, என்னையப் பாத்தாரு. பெரிய மீச, நாமக்கல் வண்டி. 'ஏனுங் அம்மிணி, எத்தன டன் போட்டிருக்கறீங்க?' சொன்னேன். 'என் வண்டிய நீங்க பாத்தீங்களா?' ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, கடைசிச் சக்கரம் ரெண்டும் மேடைக்கு வெளிய, மண்ணுல. ஆறு வருசத்துல மொதத் தடவ. இவ்வளவு பெரிய லாரி, பத்தடி தூரத்துல, பட்டப் பகல்ல. 'சாரிங்க, பாக்கலைங்க'ன்னேன். 'நாம் பாத்தனே, அது வரைக்கும் செரி'ன்னு சொல்லீட்டு வண்டிய முன்னால எடுத்தாரு. மறுபடி எடை, மறுபடி சீட்டு, பழைய சீட்டு மேல குறுக்கால கோடு, ரத்து, கையெழுத்து. மூணு அம்பத்தஞ்சு. பெட்டில இருந்தத அழிச்சேன். யோசிக்கல, யோசிச்சா நாலு மணி ஆயிரும், அதுவா உறுதி ஆயிரும். அடிச்சேன்.

'ரீகன் ஏமாற்றவில்லை. குறைந்த அளவில் படம் காட்டும் திரையில் தூரத்து விமானம் பெரிய புள்ளியாகத் தெரியும். அவர் திரை அப்படிப்பட்டது, அது அவர் குற்றமல்ல. என் திரையும் அப்படிப்பட்டது. ஐந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம் அதனால்தான். நேற்றுதான் தெரிந்தது. ஃபைனலில் எல்லாருக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும். என்னோடு பறந்த வேதமூர்த்தியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கேலி செய்தது என் தவறு. ஜீவிதா.' மூணு அம்பத்தெட்டு. அமுக்குனேன். சாம்பல் பட்டன் ஒரு சுத்துச் சுத்தி, 'திரும்பப் பெறப்பட்டது, அனைவருக்கும் அனுப்பப்பட்டது'ன்னு வந்துச்சு. அனைவருக்கும்னு போட்டிருந்தத நான் முன்ன பாக்கல. நூத்திச் சில்லற பேரு.

மொதல்ல ரீகன். 'எழுதிட்டீயளே.' அவ்வளவுதான். 'ஆமாங்க'ன்னு போட்டேன், அதப் படிச்சது தெரிஞ்சுது. அந்தாளு பேரக் காப்பாத்துனேன், அவருகிட்ட இருந்து வேறென்னமோ எடுத்துட்டேன், அது எனக்குத் தெரியும். அப்பறம் அறவாழியண்ணன், 'அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா.' பின்னாடியே இன்னொண்ணு, 'நாம ஜெயிச்ச மேட்ச் எல்லாத்தையும் இப்ப தோண்டுவாங்க.' பின்னாடியே இன்னொண்ணு, 'ஞாயித்துக்கிழமை உன்னை எடுக்கறதான்னு பேசணும். கோபம் இல்ல. பேசணும்.' பேரு போட்டுக் கூப்புடல, ரேடாருன்னும் கூப்புடல. குரூப்புல எண்பது, தொண்ணூறு மெசேஜ், நான் தொறக்கல, நம்பர் மட்டும் ஏறிட்டே இருக்குது, நிக்க மாட்டேங்குது. வேதாகிட்ட இருந்து ஒண்ணுமில்ல. அனுப்புனதப் படிச்சிருக்கான். அஞ்சு நிமிசம். திட்டீரு வேதா, என்னமாச்சும் சொல்லு. பத்து நிமிசம் கழிச்சு ஒரே வரி, 'எவ்ளோல வெக்கணும்?' ஆயிரத்து இருபத்துநாலுன்னு அனுப்புனேன். ஒரு வண்டி வந்துச்சு, நாலு பக்கமும் சக்கரத்தப் பாத்துட்டு எடையப் போட்டேன், போச்சு. இன்னொரு வண்டி. அப்பறம் போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ், காதுல வெச்சேன். எஞ்சின் சத்தம், பிராக்டிஸ் சர்வர்ல பறந்துட்டிருக்கான், குரல அடக்கிப் பேசறான், சத்தமாப் பேசுனா எதிரிக்குக் கேட்டுருங்கற மாதிரி. 'ஜீவி. பத்து மணி. மேல. ரெண்டு பேரு.' மூச்சு. 'இல்ல, மூணு. கீழ ஒருத்தன் தனியா போறான், அவனுக்கு நான் வர்றதே தெர்ல.' நான் இதுவரைக்கும் அந்த மாதிரி சொல்லறத என் குரல்லதான் கேட்டிருக்கேன். அடுத்தது வந்துச்சு, அதுல ரொம்ப நேரம் வெறும் எஞ்சின்தான், அவன் அங்கயும் இங்கயும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருக்கான்னு எனக்குத் தெரியுது, பதில் போட விரல வெச்சு வெச்சு எடுத்துட்டு இருக்கேன், முடியற நேரத்துல பேசறான், என்கிட்டன்னு இல்ல, தனக்குள்ள. 'இவ்ளோ நாளும் இங்கயேதான் இருந்தானுங்களா.'